அண்ணாச்சிக்குப் பின்னால் போன இலை

கேக்கணும்னு வந்துட்டீக, உக்காருங்க, ஆனா மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காருங்க, ஏன்னா நான் சொல்லப்போறது எச்சில் சமாச்சாரம். செவல்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல இருக்கிற பூரணி நிவாஸ் ஓட்டல்ல, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பருத்திக் கமிஷன் கடை சௌந்தரபாண்டி அண்ணாச்சி ஃபுல் மீல்ஸ் சாப்பிட்டு, மறுபடி ரசம் கேட்டு, மறுபடி அப்பளம் கேட்டு, மோர் பத்தலைன்னு வஞ்சு, ஏப்பம் விட்டு, கை கழுவி, பல்லுக்குச்சியை வாயில வச்சுக்கிட்டு வெளிய எறங்கினப்போ, அவரு தின்ன இலை மேசையிலருந்து குதிச்சு அவருக்குப் பின்னாலயே போச்சு.

பறக்கல, உருளல. நாலு மூலையையும் காலா ஊணிக்கிட்டு, முதுகுல மென்னு துப்பின முருங்கைக்காய்ச் சக்கையும், கறிவேப்பிலையும், ரசஞ்சோறு மிச்சமும் ஒரு பருக்கை சிந்தாம, படியில எறங்கி, சைக்கிளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, ரோட்டைக் கடந்து, அவரு கமிஷன் கடைக்குள்ள போச்சு. நான் துடைக்கிற துணியைப் பிடிச்சுக்கிட்டு மேசைக்குப் பக்கத்துலதான் நின்னேன். ஒரு இலை எடுக்கிற வேலை மிச்சம்னுதான் எனக்கு அப்போ தோணுச்சு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

நான் பேச்சியம்மா. அந்த ஓட்டல்ல இலை எடுக்கிறவ. சப்ளையர் பரிமாறுவாரு, சாப்பிட்டவன் எந்திரிச்சுப் போவான், நான் போயி இலையை மடிச்சு வாளியில போட்டுட்டு மேசையைத் துடைப்பேன். என் முகத்தை அந்த ஊர்ல எவனுக்கும் தெரியாது, என் துணியைத் தெரியும்.

அண்ணாச்சி டிப்ஸ் வைக்கிற அழகைச் சொல்லணும். தின்னு முடிச்சதும் சட்டைப்பையிலருந்து ஒரு காசை எடுத்து, மேசையில வைக்க மாட்டாரு, பரிமாறின ஆவுடையப்பன் அண்ணன் கையில குடுக்க மாட்டாரு, மிச்சம் கெடக்கிற ரசஞ்சோத்துக்குள்ள அதை அமுக்கிவிட்டு, இலையை மடிச்சுட்டுப் போவாரு. அவரு மட்டுமில்ல, அந்த ஹாலுல டிப்ஸ் வைக்கிற அத்தனை பேருக்கும் அதான் பழக்கம். கேட்டா, மேசையில வச்சா வேற எவனாவது எடுத்துட்டுப் போயிருவான்னு சொல்லுவாக. எச்சிலுக்குள்ள வச்சா எவனும் தொடமாட்டான், பேச்சி மட்டும் தொடுவா. நான் அவுக மென்னு துப்பினதுக்குள்ள விரலை விட்டுத் துழாவி, காசை எடுத்து, குழாயில சோப்புப் போட்டுக் கழுவி, ஆவுடையப்பன் அண்ணன்கிட்ட கொண்டுபோவேன். மகாலட்சுமின்னு கண்ணுல ஒத்திக்கிற காசைச் சோத்து எச்சில்ல புதைக்கான் பாருங்க, த்தூ, அவன் வீட்டுல பூஜை ரூமு வேற இருக்கு.

பக்கத்துலயே ஏசி ரூம் இருக்கு. அங்க பீங்கான் தட்டு, சோம்புத் தட்டுல மடிப்புக் கலையாத நோட்டு, தேங்க்யூ வேற. ரெண்டு பக்கமும் ஒரே அண்டா சாம்பார்தான். குளுகுளுன்னு இருந்தா கை தாராளமா நீளும் போல, வேர்த்தாத்தான் ரசத்துக்குள்ள போகுது.

ஆவுடையப்பன் அண்ணன் நல்ல மனுஷன், அதையும் சொல்லிடுதேன். நான் கழுவிக் கொண்டுபோன காசை, "அந்த மேசை ஓரத்துல வை பேச்சி"ம்பாரு. நான் வைப்பேன், நான் விலகினதும் அவரு எடுத்துக்குவாரு. எனக்கும் பங்கு உண்டு. ஓட்டல் ஆளுக சாப்பிடுற நேரத்துல அவரு சாப்பிட்டு எந்திரிக்கும்போது, தன் இலைக்கு அடியில எனக்குன்னு ஒரு காசை வச்சுட்டுப் போவாரு. நல்ல மனுஷன்தான், அவருக்கும் பழகின வழி அதுதான்.

அண்ணாச்சி இலை போன மறுநாள் இன்சூரன்ஸ் ஏஜெண்டு பின்னால ஒண்ணு போச்சு, அதுக்கு மறுநாள் ஹெட்மாஸ்டர் பின்னால, அப்புறம் வக்கீல் பின்னால, அப்புறம் ஒரே பந்தியில உக்காந்த பத்திர ஆபீஸ்காரங்க பின்னால வரிசையா, மழைக்கு முன்னால போற எறும்பு மாதிரி போச்சு. வீட்டுக்காரிக முதல்ல பார்சலோன்னு நெனச்சு எட்டிப் பாத்துட்டு, சீன்னு சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்தினாக. வாரியலால அடிச்சா அது வாசல்ல போயி நிக்கும், கதவைத் தொறந்தா உள்ள வரும். மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தினாக, எரியல. நாய் மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. சுவர்ல ஒட்டின போஸ்டரைக்கூட விடாம திங்கிற எங்க ஊரு மாடு, ஒரு அடி பின்வாங்கி நின்னுச்சு. இலை காயவும் இல்ல, கருகவும் இல்ல. முதுகுல இருந்த ரசஞ்சோறு மட்டும் நாளுக்கு நாள் புளிச்சு, நூல் விட்டு, வெள்ளையா பூசணம் பூத்து, ஈ மொய்க்க, அந்த ஈயும் கூடவே கடைக்கும் வீட்டுக்கும் போய்வந்துச்சு.

கொஞ்ச நாளைக்கு ஊரு வெக்கப்பட்டுச்சு. அப்புறம் பழகிருச்சு. பஸ்ஸுல இலைக்கு லக்கேஜ் டிக்கெட்டா ஆள் டிக்கெட்டான்னு கண்டக்டர் சண்டை போட்டு, கடைசியில அரை டிக்கெட்டுன்னு முடிவாச்சு. கோயில் வாசல்ல செருப்புக்கு டோக்கன் குடுக்கிறவரு இலைக்கும் டோக்கன் குடுக்க ஆரம்பிச்சாரு. பேங்குல ஒவ்வொரு ஆளுக்குப் பின்னாலயும் ஒரு இலை நிக்கறதால வரிசை ரெண்டு மடங்கா நீண்டு ரோட்டுக்கு வந்துச்சு, யாரும் ஒண்ணும் சொல்லல. டீக்கடையில மட்டும் விடாம விவாதம் நடந்துச்சு.

"சம்பளம் குடுக்கிறது மொதலாளி பாடு. நாம எதுக்குவே டிப்ஸ் குடுக்கணும்?"

"அந்தச் சம்பளத்துல நீரு ஒரு மாசம் குடும்பம் நடத்திப் பாரும்வே, அப்புறம் பேசும்."

"அது சரி, ஆனா குடுத்தவனுக்குத்தானே வே இலை வருது! ஒரு பைசா குடுக்காத கஞ்சப்பய எல்லாம் ஒத்தையில கை வீசி நடக்கான், பாத்தீரா?"

அதுதான் எல்லாரையும் எரிச்சுச்சு. டிப்ஸே வைக்காதவன் இலை மேசையிலயே இலையாக் கெடந்துச்சு, நான் எடுத்து வாளியில போட்டேன். இதைப் பாத்து சிலபேரு குடுக்கிறதை நிப்பாட்டினாக, ஆனா ஏற்கெனவே பின்னால வந்த இலை போகல. சிலபேரு நோட்டா அமுக்கிப் பாத்தாக, இலை நோட்டோடயே பின்னால வந்துச்சு. அப்புறம் எவனோ ஒரு புத்திசாலி, இலை வருதுன்னா தாராள மனசுக்காரன்னு அர்த்தம்னு கிளப்பிவிட்டான். அவ்வளவுதான், கூத்தைப் பாக்கணும் நீங்க. "அண்ணாச்சி, உங்க இலையா இது? நல்லா அகலமா இருக்கே!"ன்னு ஒருத்தனை ஒருத்தன் விசாரிச்சுக்கிட்டாக. ஆயுசுல அஞ்சு காசு குடுத்தறியாத ரைஸ்மில்காரரு, விறுவிறுன்னு வந்து தயிர்ச்சோத்துல காசை அமுக்கிட்டு, இலை எறங்கி வருதான்னு வாசல்ல நின்னு திரும்பித் திரும்பிப் பாத்தாரு. வந்துச்சு. முகம் மலர்ந்து போனாரு. நாத்தத்தைப் பெருமையாத் தலையில தூக்கிக்கிட்டு ஒரு ஊரு நடந்ததை நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

இதெல்லாம் நடக்கிறப்பத்தான் மொதலாளி வைகுண்டம் என்னைக் கல்லாவுக்குக் கூப்பிட்டாரு.

"ஏட்டி பேச்சி, இலைதான் தானா எந்திரிச்சுப் போகுதே. எடுக்க ஆள் எதுக்கு? ஒண்ணாந்தேதியிலருந்து வராண்டாம்."

"எம்மக நர்சிங் படிக்கா மொதலாளி. அடுத்த மாசக் கடைசியில பீஸ் கட்டணும். கட்டலைன்னா பரிச்சை எழுத விடமாட்டாக. இந்த வேலையை நம்பித்தான் சேர்த்தேன்."

"அதுக்கு நான் என்ன செய்ய? இலை போறதை நானா பிடிச்சு நிறுத்த முடியும்?"

பக்கத்துல காபி டபரா அடுக்கிக்கிட்டு நின்ன ஆவுடையப்பன் அண்ணனைப் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு நெனச்சேன். அவரு தலைக்கு மேல சுத்துற ஃபேனைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அன்னைக்கு ஆளுக சாப்பிட்டு முடிச்சதும், பாவம் பேச்சி வேலை போகுதேன்னு, தன் இலைக்கு அடியில எப்பவும் வைக்கிறதைவிட பெருசா ஒரு நோட்டை வச்சுட்டுத்தான் எந்திரிச்சாரு. இலை எந்திரிச்சு, நோட்டை வயித்துல ஒட்டிக்கிட்டு, அவரு பின்னால அடுக்களைக்குள்ள போச்சு. மனுஷன் திரும்பிப் பாத்துட்டு அப்படியே சுவரோட சாஞ்சுட்டாரு. டிப்ஸ் வாங்கறவன் பின்னால இலை வந்து அதுவரைக்கும் ஊர்ல யாரும் பாத்ததில்ல.

ஒண்ணாந்தேதி சம்பளம் வாங்கப் போனேன். நல்ல மத்தியானம், ஹால் நிறைய கூட்டம், அண்ணாச்சி வழக்கமான மேசையில உக்காந்து பருப்புக்கு நெய் ஊத்திக்கிட்டு இருக்காரு, அவரு பழைய இலை நாற்காலிக்குப் பக்கத்துல ஈயோட நிக்கி. மொதலாளி என் சம்பளத்தைக் கல்லாப் பலகையில வச்சு, எப்பவும் போல கால்குலேட்டர் ஓரத்தால என் பக்கம் தள்ளிவிட்டாரு. எத்தனையோ தடவை அதை எடுத்துட்டுப் போனவதான் நான். அன்னைக்கு எடுக்காம, கையை நீட்டினேன்.

"கையில குடுங்க மொதலாளி."

"என்னது?"

"கையிலன்னு சொன்னேன். இந்தா நீட்டிக்கிட்டுத்தான நிக்கேன்."

வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதியில நின்னுச்சு. மொதலாளி என் உள்ளங்கையைப் பாத்தாரு, பாத்த பார்வையை என்னன்னு சொல்ல, பூசணம் பூத்த அத்தனை இலைக்கு நடுவுல உக்காந்து நாள் பூரா யாவாரம் பண்ணுற மனுஷன், என் கையைப் பாத்து மூஞ்சியைச் சுழிச்சாரு. அப்புறம் ஹாலே பாக்குதுன்னு தெரிஞ்சு, "ஏ ஆவுடையப்பா, இதை எடுத்து அவகிட்ட குடுத்து அனுப்பு"ன்னாரு.

அண்ணன் வந்தாரு, பின்னால இலையும் வந்துச்சு. நோட்டை எடுத்தாரு. பழக்கம் பாருங்க, கண்ணு தானா மேசை ஓரத்தைத் தேடிச்சு. தேடின கண்ணு கீழ நின்ன இலையில போயி நின்னுச்சு. அப்புறம் என் முகத்தைப் பாத்தாரு, அத்தனை வருஷத்துல முதல் தடவையா பாத்தாருன்னு நெனைக்கேன். ஒரு அடி கிட்ட வந்து, என் கையைப் பிடிச்சு, நோட்டை உள்ளங்கையில வச்சு, என் விரலை ஒவ்வொண்ணா மடக்கி மூடினாரு. அவரு கை காபித் தம்ளர் தூக்கித் தூக்கிச் சூடா இருந்துச்சு.

அவரு பின்னால நின்ன இலை நாலு காலையும் மடக்கி, தரையில சப்புன்னு விழுந்து, இலையாப் போச்சு. ஓரமெல்லாம் கண்ணு முன்னால வாடிச்சு. பழக்கதோஷம், நான் குனிஞ்சு, அடியில ஒட்டியிருந்த நோட்டை உரிச்சு அண்ணன் கையில குடுத்துட்டு, அதை மடிச்சு எடுத்து வாளியில போட்டேன். ஹால்ல இருந்த அத்தனை பேரும் அதைப் பாத்தாக. பாத்துட்டு, "ரசம் கொண்டா"ன்னு எவனோ சத்தம் போட, எல்லாரும் குனிஞ்சு தின்ன ஆரம்பிச்சாக.

மொதலாளி மட்டும் எந்திரிச்சு நின்னாரு. "அவ கையைத் தொட்டுட்டு அந்தக் கையால என் அடுக்களைக்குள்ள நீ பாத்திரம் தொடப்படாது ஆவுடையப்பா, வாடிக்கைக்காரங்க என்ன நெனைப்பாங்க"ன்னாரு. அண்ணன் தோள்ல கெடந்த துண்டை எடுத்துக் கல்லாப் பலகையில போட்டாரு. "எல்லாரும் நல்லா சாப்பிடுங்க"ன்னு ஹாலைப் பாத்துச் சொல்லிட்டு என் கூடவே வெளிய வந்துட்டாரு. பைபாஸ் பக்கம் ஒரு தள்ளுவண்டி வாடகைக்குப் பிடிச்சு, அவரு இட்லி ஊத்த, நான் சட்னி அரைக்க, லாரிக்காரங்களுக்குக் கடை போட்டோம். "இந்தாக்கா"ன்னு என் கையிலதான் குடுப்பானுக, மிச்சத்தை வச்சுக்கோன்னு சொன்னாலும் என் முகத்தைப் பாத்துச் சொல்லுவானுக. பொழைப்பு ஓடிச்சு, ஆனா எம்மக பீஸுக்குப் பத்தல.

ஊருக்கு மருந்து தெரிஞ்சு போச்சா? தெரிஞ்சு போச்சு. என்ன செஞ்சாக? யாவாரிகள் சங்கத்துல கூட்டம் போட்டு, ஆவுடையப்பன் இலை சின்ன இலை, அதான் உடனே விழுந்துச்சு, நம்ம இலை அப்படி விழாதுன்னு தீர்மானம் போட்டாக. வெளிய பெருமை பேசினாலும் வீட்டுக்குள்ள நாத்தம் தாங்கல, ஜோசியரைக் கேட்டாக, அவரு பரிகாரம் சொன்னாரு. வேன் பிடிச்சு திருச்செந்தூர் போயி கடல்ல முங்கினாக, இலையும் முங்கி எந்திரிச்சு, மேல ஒரு கோட்டிங் உப்போட திரும்பி வந்துச்சு. பைபாஸ் வரைக்கும் வந்து, வண்டியில ஒட்டின க்யூஆர் கோடுல போன்ல பணம் அனுப்பிட்டு, இலை விழுதான்னு திரும்பிப் பாத்தாக. இடுக்கியால நோட்டைப் பிடிச்சு என் முன்னால நீட்டினான் ஒருத்தன். வேலைக்காரியை விட்டுக் குடுக்கச் சொல்லிட்டுக் கார்லயே உக்காந்திருந்தான் இன்னொருத்தன். கை நீட்டினா தொடுற தூரத்துல நான் நிக்கேன், அட கருமமே, அந்தத் தூரத்தைத் தாண்ட முடியாம ஊரே புளிச்ச நாத்தத்தோட சுத்துச்சு.

சௌந்தரபாண்டி அண்ணாச்சி ஒருநாள் விடிகாலையில தனியா வந்தாரு. பட்டு வேட்டி, விபூதி, சென்ட்டு. பின்னால இலை. அவரு மகளுக்கு அன்னைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு வெளியூரு, பெரிய இடம். எங்க ஊருக்குப் பழகிப்போன சமாச்சாரம் அவுகளுக்குத் தெரியாது, இந்தக் கோலத்துல சம்பந்தியை வரவேற்கப் போனா பொண்ணு வேண்டாம்னு வந்த வண்டியிலயே திரும்பிருவாகன்னு மனுஷன் நடுங்கிப் போயிருந்தாரு.

"பேச்சி, உன் மக படிப்புக்குப் பணம் கட்டணும்னு கேள்விப்பட்டேன்"னு ஒரு கட்டை எடுத்தாரு. முழு வருஷத்துப் பீஸுக்கும் அது தாராளமாக் காணும். அடுப்புப் பக்கத்துல நின்ன ஆவுடையப்பன் அண்ணன் கரண்டியைக் கீழ வச்சுட்டாரு. எம்மக மாரிச்செல்வி தண்ணிக்குடத்தோட அப்படியே நின்னுட்டா.

"நல்லது அண்ணாச்சி. கையில வைங்க"ன்னு நீட்டினேன்.

அவரு கை வந்துச்சு. வந்து, என் உள்ளங்கைக்கு மேல நாலு விரக்கடை உசரத்துல நின்னுச்சு. நெத்தியில வேர்வை, விபூதி கரைஞ்சு வழியுது. பின்னால இலை, நிமிந்து பாக்கிற நாய் மாதிரி அவரையே பாத்துக்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்சம் எறக்கினா போதும். எனக்கே உள்ள அடிச்சுக்கிட்டுது, எறக்கிரும் அண்ணாச்சி, உம்ம மகளுக்கும் ஆச்சு, எம்மகளுக்கும் ஆச்சு, எறக்கிரும்னு. எறங்கல. அந்த உசரத்துலருந்தே, பிச்சைக்காரன் தட்டுல போடுற மாதிரி, விரலை விட்டாரு.

நான் கையை இழுத்துக்கிட்டேன்.

கட்டு நேராப் போயி அவரு இலையில, பூசணத்துக்கு நடுவுல விழுந்துச்சு. அவரு என்னைப் பாத்தாரு, இலையைப் பாத்தாரு. "கொழுப்புட்டி உனக்கு"ன்னுட்டு விறுவிறுன்னு நடந்தாரு. இலை பணத்தைச் சுமந்துக்கிட்டுப் பின்னாலயே போச்சு.

நிச்சயம் நின்னுருக்கும்னு நெனைக்கீகளா? கல்யாண மண்டபம் பைபாஸுலதான், எங்க வண்டியிலருந்து பாத்தா தெரியும். அவரு மண்டப வாசலைத் தொடவும் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்னுச்சு. அண்ணாச்சி வாசல்ல முகம் செத்து நிக்காரு, இலையை மறைக்க வேட்டியை அகட்டிப் பிடிச்சிருக்காரு. வேன் கதவு தொறந்துச்சு. மாப்பிள்ளையோட அப்பா எறங்கினாரு, அவரு பின்னால ஒரு இலை எறங்குச்சு. மாமா எறங்கினாரு, இலை எறங்குச்சு. மாப்பிள்ளை கோட்டு சூட்டோட எறங்கினான், அவன் இலை சின்னதா, புதுசா, இன்னும் ஈரத்தோட எறங்குச்சு. அண்ணாச்சி ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து நின்னாரு. அப்புறம் அந்த முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, வேட்டியைக் கீழ விட்டுட்டு, ரெண்டு கையையும் விரிச்சு, "வாங்க, வாங்க! நம்ம ஆளுங்கதான்!"னு கட்டிப் பிடிச்சாரு. சம்பந்திக ரெண்டு பேரும் கீழ பாக்காமலே உள்ள போனாக. இலைக ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உரசிக்கிட்டுப் பின்னால போச்சு.

நான் தெருவுல காறித் துப்பினேன். துப்பிட்டு, வாய் கொப்புளிச்சுட்டு, திரும்பிப் பாத்தா மாரிச்செல்வி குடத்தை எறக்காம நிக்கா.

"அவ்வளவு பணத்தையும் விட்டுட்டியே ம்மா. பரிச்சைக்கு என்ன செய்ய?"

நான் சட்னிப் பாத்திரத்தை மூடி வச்சேன். ஆவுடையப்பன் அண்ணன்தான் இட்லித் தட்டைத் துடைச்சுக்கிட்டே, "வண்டி வாடகையைத் தள்ளித் தாரோம்னு சொல்லிப் பாப்போம், லாரி ஆபீஸ்ல சீட்டு எடுப்போம், ஏதாவது செய்வோம் தாயி"ன்னாரு. அவ குடத்தை எறக்கி வச்சுட்டு, கிட்ட வந்து, நான் இழுத்துக்கிட்ட அந்தக் கையைப் பிடிச்சு, திருப்பித் திருப்பிப் பாத்து, மூக்குக்குப் பக்கத்துல கொண்டுபோனா.

"என்னட்டி பாக்கே?"ன்னேன்.

"சோப்பு வாசந்தான்மா அடிக்கு"ன்னா.